ஆகஸ்டு 31: ஒரு நாளின் வரலாறு



ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவிற்கு வருவன கொடியேற்றமும், அணிவகுப்பும், விடுமுறையுமே ஆகும். அவை நினைவிற்கு வருதல் முறையே. ஆயினும், நாள்காட்டியின் அந்த ஏட்டில் உள்ள எண் நமக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் ஒரு தீவு நாட்டினர் அதே நாளைத் தம் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஒரு கப்பல் கட்டுந்துறையின் தொழிலாளர் தமக்குச் சங்க உரிமை கிடைத்த நாளாக அதனைப் போற்றுகின்றனர். மற்றொரு சிறு நாட்டினருக்கு அது தாய்மொழித் திருநாள். இவற்றுள் சில தற்செயலாக ஒன்றுபட்டவை. சில அறிந்தே அமைக்கப்பட்டவை. அவற்றின் வரலாற்றை ஈண்டு ஓரளவு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றியே ஒரு சொல். பண்டை உரோமரின் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கிற்று. அதிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் திங்களை அவர்கள் ‘செக்ஸ்டிலிஸ்’ என்றனர். ஆறாவது என்பதே அதன் பொருள். அதற்கு அந்நாளில் இருந்தவை 29 நாள்களே. ஆகவே 31-ஆம் நாள் என ஒன்று அன்று இல்லவே இல்லை. ஜூலியஸ் சீசர் நாள்காட்டியைச் சீர்திருத்தியபொழுது, கி.மு. 45 முதல், அத்திங்களுக்கு மேலும் இரண்டு நாள்கள் கூட்டப்பட்டன. கி.மு. 8-இல் அகஸ்டஸ் பேரரசனின் பெயரால் அஃது ஆகஸ்டு ஆயிற்று. தன் பெயர் தாங்கிய திங்கள் சீசரின் ஜூலையைவிடக் குறைந்ததாக இருத்தலாகாது என்று அகஸ்டஸ் பொறாமை கொண்டு, பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பறித்துக்கொண்டான் என்னும் கதை பல நூல்களில் உண்டு. வகுப்பறையிலும் அது சுவைபடச் சொல்லப்படுவதுண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் உண்மையன்று. பெயர் மாறுவதற்கு முன்பே அதற்கு 31 நாள்கள் இருந்தன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் ஒரு குழுவினர் இலண்டன் சென்று பேச்சு நடத்தினர். இயலுமாயின் 1957 ஆகஸ்டுத் திங்களுக்குள் மலாயாவுக்கு விடுதலை வழங்கப்படும் என்று அங்கே உடன்பாடு கண்டது. அதே ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் மலாக்காவில் கூடிய மக்கள் முன்னிலையில், 1957 ஆகஸ்டு 31-ஆம் நாளே அந்நாள் என்று துங்கு அறிவித்தார். ‘ஆகஸ்டுக்குள்’ என்ற வாக்கிற்கு உட்பட்ட கடைசி நாள் அதுவே என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஏவிளம்பி ஆண்டு ஆவணித் திங்களில் வந்த அந்தச் சனிக்கிழமை பிறந்த நள்ளிரவில், கோலாலம்பூர் சிலாங்கூர் மன்றத்தின் எதிரே இருந்த திடலில் விளக்குகள் இரண்டு நிமிடங்கள் அணைக்கப்பட்டன. விளக்குகள் மீண்டும் எரிந்தபொழுது பிரிட்டிஷ் கொடி இறங்கி, நம் கொடி ஏறிற்று. அந்தத் திடலே இன்று மெர்டேக்கா சதுக்கம் என வழங்குகின்றது. பொழுது விடிந்ததும், அந்நாளுக்கென்றே கட்டப்பட்ட மெர்டேக்கா விளையாட்டரங்கில் 20,000-க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். மலாய் அரசர்கள் வீற்றிருந்தனர். பிரிட்டிஷ் அரசியாரின் சார்பில் குளோஸ்டர் கோமகன் வந்திருந்தார். துங்கு விடுதலைச் சாற்றுரையை வாசித்து, ‘மெர்டேக்கா’ என்று ஏழு முறை முழங்கினார். அம்முழக்கத்தை இன்றும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் முழங்குகின்றனர். ஏழு முறை என்னும் கணக்கு அங்கிருந்து வந்ததாகும்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1962-இல், இதே நாளின் நள்ளிரவில் மற்றொரு நாட்டிலும் பிரிட்டிஷ் கொடி இறங்கிற்று. தென்னமெரிக்காவின் வடகரையை ஒட்டிக் கரிபியன் கடலில் உள்ள டிரினிடாட், டொபாகோ என்னும் இரு தீவுகள் சேர்ந்த நாடே அது. எரிக் வில்லியம்ஸ் என்னும் வரலாற்றறிஞர் அதன் முதல் பிரதமரானார். நம் விடுதலை நாளும் அவர்தம் விடுதலை நாளும் ஒன்றாயது தற்செயலே. ஆனால் தோட்டத்தில் வாழும் நமக்கு அந்நாட்டோடு நாளைக் காட்டிலும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு.

ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துக் கரும்பு பயிரிட்டு வந்த அத்தீவின் முதலாளிகள், அடிமை முறை ஒழிந்ததும் ஆள் தேடினர். 1845 மே 30-ஆம் நாள் ‘ஃபாத்தல் ரசாக்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 225 இந்தியரைக் கொண்டுபோய் அங்கே இறக்கிற்று. அன்று தொடங்கி 1917 வரை, ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கப்பட்டு அத்தீவுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,44,000 பேர். பெரும்பாலோர் வட நாட்டினர்; சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியோரும் உண்டு. அவர்களை ‘மதராசிகள்’ என்றே அங்கு அழைத்தனர். மொழி தேய்ந்து போயிற்று. அம்மன் வழிபாடு மட்டும் தேயவில்லை. நம் முன்னோர் கங்காணியின் பின்னே இரப்பர் காட்டிற்கு வந்தது போன்றே, அவர்கள் கரும்புக் காட்டிற்குச் சென்றனர். இருவருக்கும் ஒரே நாளில் அடிமைக் கொடி இறங்கிற்று. அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராய் இருந்த பாஸ்தேவ் பாண்டே 1995-இல் நாட்டின் பிரதமரானார். இந்திய வழியில் வந்தோருள் அப்பதவியை அந்நாட்டில் முதன்முதல் பெற்றவர் அவரே.

1963-ஆம் ஆண்டின் ஆகஸ்டு 31 தற்செயலாக வந்ததன்று. மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ ஆகிய நான்கும் ஒன்றாகி மலேசியா தோன்றும் நாள் அதுவாகவே இருத்தல் வேண்டும் என்று, அதே ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் கூறிற்று. இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் எதிர்த்தன. போர்னியோ மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாட்டுச் சபையினர் நேரில் கேட்டறியட்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் பணி முடியும்வரை காத்திருக்க நேர்ந்ததால், மலேசியா செப்டம்பர் 16-ஆம் நாளுக்குத் தள்ளிப் போயிற்று. மலேசிய நாளும் மெர்டேக்கா நாளும் வேறு வேறாக இருப்பதன் காரணம் இதுவே. இதனைத் தேர்வில் தவறாக எழுதும் மாணவர் ஆண்டுதோறும் சிலர் இருக்கத்தான் செய்கின்றனர்.

நாள் தள்ளிப் போயினும், குறித்த நாளை இருவர் வீணாக்க விரும்பவில்லை. இன்று சபா எனப்படும் வட போர்னியோ அன்று தன்னாட்சி பெற்றது. சிங்கப்பூரில் திரு. லீ குவான் யூ, மலேசியா அமையும்வரை பாதுகாப்பு, வெளியுறவு ஆகிய அதிகாரங்களைத் தம் அரசே ஏற்றுக்கொள்வதாகப் பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். அதற்குச் சட்ட வலு இல்லை என்றது பிரிட்டன். எவ்வாறாயினும் அந்நிலை நீடித்தது பதினாறு நாள்களே.

மறு ஆண்டு, 1964 ஆகஸ்டு 31 அன்று, சபாவின் உட்பகுதியில் உள்ள கெனிங்காவ் ஊரில் ஒரு கல் திறந்து வைக்கப்பட்டது. ‘பத்து சும்பா’ என்பர். வாக்குறுதிக் கல் என்பது பொருள். மலேசியாவில் சேரத் தயங்கிய உட்பகுதிப் பழங்குடி மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் அதிலே பொறிக்கப்பட்டன. சமய உரிமை காக்கப்படும். நிலம் சபா அரசின் ஆளுகையில் இருக்கும். பழங்குடியினரின் வழக்கங்கள் மதித்துப் பேணப்படும் என்பன அவை. பதிலுக்கு, அம்மக்கள் மலேசிய அரசுக்கு விசுவாசமாய் இருப்பர் என்பது. அக்கல்லைத் திறந்து வைத்தவர் நடுவண் தொழிலமைச்சராய் இருந்த மாணிக்கவாசகம் என்னும் தமிழர். காகிதத்தில் எழுதியதை நம்பாமல் கல்லில் எழுதிக் கேட்ட அம்மக்களின் கூர்மை நமக்கு வியப்பளிக்கின்றது. நம் முன்னோருள் பலருக்குக் கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே தெரியாது.

இனிப் போலந்து நாட்டிற்குச் செல்வோம். அந்நாட்டின் வரலாற்றில் இந்நாள் இருமுறை வருகின்றது. ஒன்று இருள், மற்றொன்று ஒளி.

1939 ஆகஸ்டு 31 இரவு, போலந்து எல்லையை ஒட்டிய கிளைவிட்ஸ் என்னும் ஜெர்மானிய ஊரின் வானொலி நிலையத்தில் ஆயுதந்தாங்கிய சிலர் புகுந்தனர். போலந்து மொழியில் ஓர் அறிவிப்பை ஒலிபரப்பினர். அவர்கள் போலந்தியர் அல்லர், ஹிட்லரின் ஆள்கள். முன்னரே பிடித்து வைத்திருந்த ஒருவரைக் கொன்று, தாக்க வந்தவர் இவர் எனச் சான்று காட்ட அவ்விடத்திலேயே கிடத்தினர். போலந்து எம்மைத் தாக்கிற்று என்று உலகிற்குச் சொல்லவே இந்நாடகம். மறுநாள் விடியுமுன் படையெடுப்புத் தொடங்கிற்று. போலந்தின் மீது முதல் குண்டுகள் விழுந்த இடங்களுள் ஒன்று, பால்டிக் கடலோரத்தில் உள்ள டான்சிக் துறைமுக நகரின் வெஸ்டர்பிளாட்டே. இரண்டாம் உலகப் போர் இவ்வாறு பிறந்தது. அந்தத் தீ பரவி, 1941 டிசம்பரில் கோத்தா பாருவின் கடற்கரைக்கு வந்து, நம் தோட்டத்து மக்களைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றதை நம் முதியோர் பலர் பிள்ளைகளுக்குக் கூறியுள்ளனர்.

போருக்குப் பின் டான்சிக் நகர் போலந்தோடு சேர்ந்து, கிடான்ஸ்க் என்னும் பெயர் பெற்றது. அந்நகரின் லெனின் கப்பல் கட்டுந்துறையில் அன்னா வாலெந்தினோவிச் என்னும் பெண்மணி பாரந்தூக்கிப் பொறி இயக்கி வந்தார். ஓய்வு பெறச் சில திங்களே இருக்கையில், 1980 ஆகஸ்டில், அவரை வேலையிலிருந்து நீக்கினர். தொழிலாளர் பக்கம் நின்று பேசியதே அவர் செய்த குற்றம். அவரை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அத்திங்கள் 14-ஆம் நாள் வேலை நிறுத்தம் மூண்டது. லேக் வலேசா என்னும் மின்பணியாளர் அதற்குத் தலைமை தாங்கினார்.

வேலை நிறுத்தம் பிற தொழிற்சாலைகளுக்கும் பரவியதால், கோரிக்கைகள் 21 ஆயின. இரண்டு மரப்பலகைகளில் அவற்றை எழுதி வாயிற்கதவில் தொங்கவிட்டனர். அரசைச் சாராத சங்கம் அமைக்கும் உரிமை முதற்கோரிக்கை. வேலை நிறுத்தம் செய்யும் உரிமை அடுத்தது. அவற்றோடு, பணிக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு இல்லங்களில் போதிய இடம் வேண்டும் என்பதும் ஒன்று. பிள்ளைக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு இருள் பிரியுமுன் பால் வெட்டப் புறப்பட்ட நம் தாய்மாருக்கு அக்கோரிக்கையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அத்தொழிலாளர் செய்த மற்றொன்றும் குறிப்பிடத் தக்கது. வேலை நிறுத்தம் முடியும்வரை கட்டுந்துறைக்குள் ஒரு சொட்டு மதுவும் வரலாகாது என்று அவர்களே தடை விதித்தனர். குடித்தவர் செய்யும் ஒரு கலகம் போதும், அரசு துப்பாக்கியோடு உள்ளே நுழைய. சம்சும் கள்ளும் நம் தோட்டங்களில் எத்தனை நியாயமான வழக்குகளைத் தோற்கச் செய்தன என்பதை எண்ணுங்கால், அவர்தம் முன்யோசனை விளங்கும்.

1980 ஆகஸ்டு 31, ஞாயிற்றுக்கிழமை, அரசின் சார்பில் துணைப் பிரதமர் வந்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். போப்பாண்டவரின் படம் பதித்த மிகப் பெரிய பேனா ஒன்றால் வலேசா கையெழுத்திட்டார். ‘சாலிடாரிட்டி’ எனப்பட்ட ஒற்றுமைச் சங்கம் பிறந்தது. ஓராண்டிற்குள் அதன் உறுப்பினர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். 1981 டிசம்பரில் அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்து தலைவர்களைச் சிறையிலிட்டது. சங்கத்தைத் தடை செய்தது. ஆயினும் 1989-இல் தேர்தல் நடத்தியே தீர வேண்டியதாயிற்று. 1990-இல் வலேசா நாட்டின் அதிபரானார். அந்த இரு மரப்பலகைகளும் 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன.

தாய்மொழிப் பள்ளியின் மலரில் தவறாது சொல்ல வேண்டியது 1989-ஆம் ஆண்டின் ஆகஸ்டு 31. ருமேனியாவுக்குக் கிழக்கே, புருத் ஆற்றின் மறுகரையில் உள்ளது மொல்டோவா. அது சோவியத் ஆட்சியில் இருந்தபொழுது, மக்கள் பேசியது ருமேனிய மொழி. எழுதியதோ உருசிய எழுத்தில். ஆற்றின் இக்கரையில் இலத்தீன் எழுத்து, அக்கரையில் வேறெழுத்து. மொழி ஒன்றாயினும், ஒரு கரைச் சிறுவன் மறுகரை நூலைப் படிக்க இயலாது. 1989-இல் மக்கள் பெருந்திரளாய்க் கூடிக் கேட்டதன் பயனாக, ஆகஸ்டு 31 அன்று அவர்தம் மொழி அரசமொழி ஆயிற்று. இலத்தீன் எழுத்தும் திரும்பி வந்தது. அன்று முதல் அந்நாள் அவர்களுக்கு ‘நம் மொழி’ நாள். நாட்டு விடுதலை வந்தது அதற்கு இரண்டாண்டுகள் கழித்தே, மொழி முந்திக்கொண்டது. ஓர் எழுத்தை மீட்க ஒரு நாடே தெருவில் நின்றிருக்க, நம் பிள்ளைகளோ கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தால் தட்டி மகிழ்கின்றனர். யாரும் கட்டாயப்படுத்தாமலே!

1991-இல் இதே நாளில் மத்திய ஆசியாவின் கிர்கிஸ்தான் விடுதலையை அறிவித்தது. 1994-இல் இதே நாளில் உருசியப் படைகள் ஜெர்மனியையும் லாத்வியா, எஸ்தோனியா நாடுகளையும் விட்டு வெளியேறி முடிந்தன. 1997-இல் இளவரசி டயானா பாரிஸ் நகரில் விபத்தில் இறந்ததும் இந்நாளே. இதனை நம் பெற்றோர் நன்கு நினைவில் வைத்துள்ளனர் என்பதால் விரித்துரைக்கவில்லை.

நம் தோட்ட மக்கள் பெரிதும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. அது 1957-இன் ஆகஸ்டு 31-ஐச் சார்ந்ததே.

அந்நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், முன்னரே குடியுரிமை பெற்றிருந்தோரை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. அதனோடு, மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பின்னும் மலாயா மண்ணில் பிறக்கும் குழந்தை சட்டப்படி இந்நாட்டுக் குடிமகன் ஆகும் என்றது. பெற்றோர் எங்குப் பிறந்தவர் என்று கேட்கவில்லை. அதற்கு முன் இம்மண்ணில் பிறந்து குடியுரிமை பெறாதிருந்தோரோ விண்ணப்பித்துப் பதிதல் வேண்டும்: 18 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும், முந்திய ஏழாண்டுகளில் ஐந்தாண்டுகள் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும், ஓரளவு மலாய் மொழி தெரிந்திருத்தல் வேண்டும். மெர்டேக்கா நாள் தொட்டு ஓராண்டிற்குள் விண்ணப்பித்தோருக்கு மட்டும் மொழித் தேர்வு இல்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் இந்தியாவில் பிறந்தவர்கள், குடியுரிமை பெறாதவர்கள். அவர்களுக்கு லயத்தில் ஒரு குழந்தை 30-ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பிறந்தால், அது பெற்றோர் குடியுரிமை பெற்று விண்ணப்பிக்கும்வரை, அன்றேல் தனக்கு 18 அகவை நிரம்பும்வரை காத்திருத்தல் வேண்டும். அடுத்த வீட்டில் இரண்டு மணி நேரம் கழித்துப் பிறந்த குழந்தை பிறந்த கணமே குடிமகன். இரண்டுக்கும் ஒரே மருத்துவச்சி, ஒரே கொல்லை, ஒரே கூரை. வேறுபாடு பத்திரத்தில் எழுதிய நாள் ஒன்றே.

அந்த ஓராண்டுச் சலுகையைப் பயன்படுத்தியோர் பலர். படிப்பறிவின்மையாலும், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்னும் எண்ணத்தாலும், சொல்வார் இன்மையாலும் விட்டுவிட்டோரும் பலர். அவர்தம் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கிற்று. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றான பொழுது, பால் மரமன்றி வேறொன்றும் அறியாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். ஒரே குடும்பத்தில் நீல அட்டையினர் கரையிலும் சிவப்பு அட்டையினர் கப்பலிலும் நின்றனர்.

பிறந்தால் போதும் என்னும் அவ்விதியும் 1962 செப்டம்பர் முடிய நிலைத்தது. அதன்பின் பிறந்த குழந்தைக்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் எனச் சட்டம் மாறிற்று. ஆகவே இன்று குழந்தையின் பிறந்த நாளோடு, தாய் தந்தையரின் அட்டையும் அவர்தம் திருமணப் பதிவும் பார்க்கப்படுகின்றன. பதிவு செய்யாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை செல்லாது; தாயின் நிலையே நோக்கப்படும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட பெற்றோர் இதனைப் பெரும்பாலும் அறிவதில்லை. 1982 மார்ச்சு முதல் நாள் தொட்டு, கோயில் திருமணமாயினும் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், பிறப்புப் பத்திரத்தின் மூலப்படி, இருவரின் அடையாள அட்டைகள், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கின்றோம். இவற்றுள் ஏதேனும் இல்லாதோர், பிள்ளைக்கு ஆறு அகவை ஆகும்வரை காத்திராமல், முன்கூட்டியே பள்ளி அலுவலகத்திற்கு வந்து தெரிவித்தால், விண்ணப்பப் பாரங்களை நிறைவு செய்ய நம் ஆசிரியர்கள் உதவுவர்.